மழலையர் கையில் வண்ணக்குச்சி

எங்கள் கிளைக்கு வரும் தாய்மார்கள் பலர் குழந்தையையும் உடன் அழைத்து வருகின்றனர். வரிசை நீளமாக இருக்கும் நாட்களில் குழந்தைக்கு முதலில் எட்டுவது மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் சலான்களும், நூலில் கட்டிய பேனாவும்தான். தாயின் முறை வருவதற்குள் நான்கைந்து சலான்களின் பின்புறம் நிரம்பிவிடும். மாலையில் மேசையை ஒழுங்குபடுத்தும்போது அவற்றைக் கசக்கிக் குப்பைக்கூடையில் இடுவதே எங்கள் வழக்கமாக இருந்தது. இப்போது அப்படிச் செய்வதில்லை. அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். அது எங்கள் பெருமைக்குரியது அன்று.

குட்வில் எஸ்டேட் பகுதியின் சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக எங்கள் கிளையின் சார்பில் ஒரு முற்பகல் வண்ணம் தீட்டும் போட்டி நடத்தினோம். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு நிற மெழுகு வண்ணக்குச்சிகள் கொண்ட பெட்டி ஒன்று. கடல், படகு, தென்னை மரம் ஆகியவற்றின் கோட்டுருவம் அச்சிட்ட தாள் ஒன்று. கோட்டைத் தாண்டாமல் தீட்டுபவருக்குப் பரிசு என்பது விதி. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கடல் முழுவதையும் பழுப்பு நிறத்தால் அழுத்தித் தீட்டிக்கொண்டிருந்தாள். எங்களுள் ஒருவர் குனிந்து, "கடல் நீலமல்லவா பாப்பா?" என்று கேட்டு, நீலக் குச்சியை எடுத்து ஒரு மூலையைத் தாமே தீட்டியும் காட்டினார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். சிறுமி குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். பரிசளிப்பு முடியும் வரை அதை அவள் மீண்டும் எடுக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பின், சுயஉதவிக் குழுவின் தவணையைச் செலுத்த வந்த அவளுடைய தாய் பேச்சுவாக்கில் சொன்னார்: "பெட்டி அப்படியே இருக்கு சார். வரையச் சொன்னா, 'எனக்கு வராது, நீயே வரைஞ்சு குடு'ங்கறா. மழை பெஞ்ச மறுநாள் கரையோரம் தண்ணி கலங்கித்தானே சார் இருக்கும், அதைத்தான் வரைஞ்சிருக்கா."

நான்கு வயதில் ஒரு குழந்தை 'எனக்கு வராது' என்று சொல்லக் கற்றுக்கொண்டது எங்களிடமிருந்துதான். இருபது ஆண்டுகளாகப் பற்று வரவு பார்த்துவரும் வணிகவியல் பட்டதாரிகளான எங்களுக்குக் குழந்தைக் கல்வி அயல்துறை. ஆயினும் கணக்கில் பிழை நேர்ந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை வீட்டுக்குப் போவதில்லை என்பது இத்தொழிலின் பழக்கம். நூல்களைப் படித்தோம், அங்கன்வாடிப் பணியாளர்களிடம் கேட்டோம். அறிந்தவற்றை, வீட்டில் சிறு குழந்தை உள்ள நம் வாடிக்கையாளர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில் கிறுக்கலைப் பற்றி. பெரியவர் கண்ணுக்குக் கிறுக்கலாகத் தெரிவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-இல் வெளியிட்ட நூலில் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை வகுத்துக் காட்டினார். ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல் பருவம். நான்கு முதல் ஏழு வரை உருவம் தோன்றத் தொடங்கும் பருவம். சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார் பல லட்சம் குழந்தை ஓவியங்களைத் திரட்டி, கிறுக்கல்களில் மட்டும் இருபது அடிப்படை வகைகள் உண்டெனப் பிரித்தார். புள்ளி, நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, சுழி, திரும்பத் திரும்பச் சுற்றும் வட்டம் என அவை விரிகின்றன. பின்னாளில் எழுதப்போகும் எழுத்துகள் அனைத்துக்கும் தேவையான அசைவுகள் இவற்றுக்குள் அடங்கியுள்ளன. தமிழ் எழுத்தைப் பயில்பவர்க்கு இது இன்னும் நன்றாக விளங்கும். சுழியும் வளைவும் இல்லாமல் 'அ' எழுத முடியுமா?

மூன்றரை, நான்கு வயதில் ஒரு வியப்பு நிகழும். வட்டம் ஒன்று மூடிக்கொள்ளும். அதனுள் இரு புள்ளிகள். வட்டத்திலிருந்தே நேராக இரு கோடுகள் கீழிறங்கும். அதுதான் குழந்தை வரையும் முதல் மனிதன். உடல் கிடையாது, தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். பல நாடுகளின் குழந்தைகளும் இதே மனிதனைத்தான் வரைகின்றனர் என ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். "வயிறு எங்கே?" என்று கேட்டு நாம் அவசரப்படுத்த வேண்டியதில்லை. வயிறு தானாக வரும்.

இனி, கருவியைப் பற்றி. இன்று கடைகளில் கிடைக்கும் கிரேயான், பாரஃபின் மெழுகில் நிறப்பொடி கலந்து வார்த்த குச்சி. அமெரிக்காவின் பின்னி அண்ட் ஸ்மித் நிறுவனம் 1903-இல் எட்டு நிறங்கள் கொண்ட பெட்டியை ஐந்து சென்ட் விலைக்கு விற்றது. நிறுவனர்களுள் ஒருவரின் மனைவியும் ஆசிரியையுமான ஆலிஸ் பின்னி அதற்கு வைத்த பெயரே கிரயோலா. பிரெஞ்சு மொழியில் சுண்ணக்கட்டியைக் குறிக்கும் சொல்லையும் எண்ணெய்த்தன்மையைக் குறிக்கும் சொல்லையும் இணைத்தது அப்பெயர். நம் நாட்டில் 1931-இல் மை தயாரிப்பில் தொடங்கிய கேம்லின் முதலிய நிறுவனங்களின் பெட்டிகள் சிற்றூர்க் கடை வரை வந்துவிட்டன.

தீவு வாழ்க்கைக்கு இக்குச்சி பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. இருபருவ மழையும் பெய்து ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் பதிவாகும் இவ்விடத்தில் தாள் எப்போதும் சற்று ஈரம் கோத்தே இருக்கும். ஸ்கெட்ச் பேனாவின் மை அதில் பரவிக் கசிகிறது, மெழுகு கசியாது. மூடி தொலைந்து காய்ந்துபோகும் தொல்லையும் இல்லை. வெயிலில் மட்டும் வைத்துவிடக் கூடாது. சன்னலோரம் மறந்து வைத்த பெட்டி மாலையில் ஒரே கட்டியாக இருக்கும். எண்ணெய்ப் பாஸ்டல் இவ்வெப்பத்தில் கையிலும் உடையிலும் ஒட்டுவதால், மூன்று வயதினர்க்கு மெழுகுக் குச்சியே போதும். நச்சுப்பொருள் அற்றது என்ற குறிப்பு பெட்டியில் இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். இவ்வயதுக் குழந்தைகள் குச்சியைச் சுவைத்தும் பார்ப்பார்கள்.

குச்சி ஒடிந்துவிட்டதே என்று பெற்றோர் கடிந்துகொள்வதை அடிக்கடி காண்கிறோம். ஒடியட்டும். இரண்டு வயதுக் குழந்தை குச்சியை முழுக் கையால் இறுகப் பற்றும். பிறகு விரல்கள் முன்னுக்கு வரும். நான்கு வயதை ஒட்டிக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கக் கற்கும். முழுக் குச்சியை உள்ளங்கையால் பற்ற முடியும். ஓர் அங்குலத் துண்டை மூன்று விரல்களால் அன்றிப் பிடிக்கவே முடியாது. பென்சில் பிடிக்கக் கையைப் பற்றிப் பயிற்றுவிப்பதைவிட, ஒடிந்த துண்டுகளைக் கிண்ணத்தில் போட்டு வைப்பது நல்லது. மேலே சுற்றிய தாளையும் உரித்துவிடுங்கள். அப்போதுதான் குச்சியைப் படுக்கவைத்து, பக்கவாட்டில் அகலமாகத் தேய்க்க முடியும்.

அந்தத் தேய்ப்பில் தொடங்கும் விளையாட்டு ஒன்று எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. ஒரு நாணயத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால், சிங்கமுகத் தூண் தானாக மேலெழுந்து வரும். பத்து ரூபாய் நாணயம் பதினான்கு வடிவங்களில் புழக்கத்தில் இருப்பதை 2018-இல் ரிசர்வ் வங்கி விளக்கி, அனைத்தும் செல்லும் என்றது. அவ்வடிவங்களுள் கைக்குக் கிடைப்பவற்றை ஒரு தாளில் தேய்த்தெடுத்து, எது எதிலிருந்து வேறுபடுகிறது எனக் கண்டுபிடிப்பது ஐந்து வயதுக் குழந்தைக்கு அரைமணி நேர வேலை. நாணயத்தை வாயில் போடும் வயதினர் அருகில் இருந்தால் இவ்விளையாட்டைத் தள்ளிப்போடுங்கள்.

நாணயத்துக்கு அடுத்து வீட்டைச் சுற்றியிருக்கும் பொருள்கள். பாக்கு மரத்தின் பட்டை, தென்னோலை, படாக் மரத்தின் சொரசொரப்பு, பாயின் பின்னல், சிமெண்டுத் தரை என எதன் மேலும் தாளை வைத்துத் தேய்க்கலாம். அடுத்த நாள் தேய்த்த தாள்களைக் காட்டி, "இது எங்கே இருந்தது?" என்று கேட்டால் குழந்தை வீட்டைச் சுற்றி ஓடித் தேடும். கடற்கரையில் மட்டும் கவனம் தேவை. பவளத் துண்டுகளையும் பாதுகாக்கப்பட்ட சங்கு, சிப்பி வகைகளையும் எடுத்து வருவது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். தாளைக் கரைக்கு எடுத்துச் சென்று, கிடந்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டு திரும்பலாம்.

மெழுகின் மேல் நீர் ஒட்டாது என்பதைக் கொண்டும் விளையாடலாம். வெள்ளைத் தாளில் வெள்ளைக் குச்சியால் அழுத்தி எதையேனும் வரையச் சொல்லுங்கள்; ஒன்றும் தெரியாது. பின் நீர் வண்ணத்தையோ, மஞ்சள்தூள் கரைத்த நீரையோ பஞ்சால் தடவினால், வரைந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். பிறிதொரு நாள், பல நிறங்களைத் திட்டுத்திட்டாக அழுத்தித் தீட்டி, அதன்மேல் முழுவதும் கறுப்புக் குச்சியால் மூடி, ஈர்க்குச்சியால் கீறச் சொல்லலாம். கறுப்புக்கு அடியிலிருந்து நிறங்கள் வெளிவரும். மழைநாளில் தகரக் கூரையின் ஓசையைக் கேட்டுக்கொண்டே, தூறலுக்குப் புள்ளியும் பெருமழைக்குக் கோடும் இடச் சொல்வது இன்னொரு வழி. படம் எப்படி வந்தது என்பது இங்கே பொருட்டன்று. காது கேட்டதைக் கை செய்கிறது.

அப்படியானால் அச்சிட்ட கோட்டுருவத் தாள் தீங்கானதா? முற்றிலும் ஒதுக்க வேண்டும் என நாங்கள் சொல்லவில்லை. பயணத்திலோ மருத்துவமனை வரிசையிலோ குழந்தையை அமைதியாக இருத்த அது உதவும். ஆனால் பிறர் முடிவு செய்த உருவத்துக்குள் பிறர் எதிர்பார்க்கும் நிறத்தை நிரப்புவதே அதில் உள்ள வேலை. சாந்திநிகேதனில் பயின்று, 1944 முதல் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கலை பயிற்றுவித்த தேவிபிரசாத், கலையே கல்விக்கு அடிப்படை என்று ஒரு நூலே எழுதினார். எங்கள் போட்டித் தாளை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என நினைக்கச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

படத்தைப் பார்த்து நாம் சொல்லும் சொல் அடுத்தபடியாக முக்கியமானது. "இது என்ன?" என்ற கேள்வியைத் தவிர்க்கலாம். பல வேளைகளில் அது எதுவுமாக இல்லை. கேட்டதற்காகவே குழந்தை ஒரு பெயரைச் சொல்லி வைக்கும். "ரொம்ப அழகு!" என எல்லாவற்றையும் பாராட்டுவதும் பயனற்றது, இரண்டே நாளில் குழந்தை அதைக் கண்டுகொள்ளும். கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும்: "இங்கே ரொம்ப அழுத்தியிருக்கிறாய்." "இந்தச் சிவப்பு தாளின் ஓரம் வரை போயிருக்கிறது." பிறகு, "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருக்க வேண்டும். கடைசிப் பகுதிதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது.

இத்தீவுகளில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 3.8 லட்சம் மக்கள். வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்து, ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். தெலுங்கும் மலையாளமும் நிக்கோபாரியும் பேசுவோரும் உள்ளனர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. மூன்று வயதில் அங்கன்வாடிப் பாயில் முதன்முதலாக உட்காரும் குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவள் பேசுவது புரியாமலும் போகலாம். தரையில் பெரிய தாள் ஒன்றை விரித்து நடுவில் குச்சிக் கிண்ணத்தை வைத்தால் நான்கு குழந்தைகள் நான்கு பக்கமிருந்தும் வரையத் தொடங்குகின்றனர். ஒருத்தியின் கோடு மற்றவளின் வட்டத்தில் முட்டும்போது பேச்சு பிறக்கிறது. பணியாளர் ஒருவர் எங்களிடம் சொன்னது: "புதுசா வர்ற பிள்ளை ஒரு வாரம் வாயே திறக்காது. ஆனா 'லால்' குடுன்னு கேக்க முதல் நாளே கத்துக்கும்."

சொல்லால் சொல்ல இயலாததைச் சொல்லவும் குழந்தைக்கு இக்குச்சி உதவியதை இத்தீவுகள் கண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரிலும் பிற இடங்களிலும் அமைந்த நிவாரண முகாம்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநல மருத்துவர்கள் பணியாற்றினர். மருந்தும் ஆலோசனையும் மட்டுமின்றி, ஓவியம் முதலிய கலைச் செயல்பாடு, முறைசாராக் கல்வி, நாடகம், அன்றாட ஒழுங்கை மீட்டல் ஆகியவையும் அவர்களின் உதவியில் அடங்கின. அத்தகைய நாட்களில் ஒரு குழந்தை கறுப்பு நிறத்தையே நாடினால் "வேறு கலர் எடு" என்று சொல்வது எவ்வளவு பிழையாகும்! அதே வேளை, கறுப்பைக் கண்டதும் மனத்துயர் என முடிவு கட்டுவதும் சரியன்று. கறுப்பு நன்றாகப் பதியும். பல குழந்தைகளுக்கு அது பிடிக்கும், அவ்வளவே. உறக்கம், உணவு, விளையாட்டு ஆகியவையும் மாறியிருந்தால்தான் மருத்துவரை நாட வேண்டும்.

அரசின் கல்வி நோக்கும் இப்பக்கம் திரும்பியிருக்கிறது. 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு பணிகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்று. 2022-இல் வெளியான அடிப்படைநிலைத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியே கற்பதை வலியுறுத்துகிறது. எனினும், "எப்போது ஏ, பி, சி, டி எழுதச் சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று அங்கன்வாடி வாசலில் கேட்கும் பெற்றோர் குறையவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற கவலை அது. வட்டமும் சுழியும் கைவந்த பிள்ளைக்கு எழுத்து விரைவில் வரும் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்கிறோம்.

சுவரில் வரைந்துவிட்டால்? சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டு மெல்லத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ரூபாய் நோட்டில் வரைந்துவிட்டால்? நூறு ரூபாய் நோட்டில் காந்தியடிகளுக்குப் பச்சைத் தொப்பி அணிவித்துவிட்ட மகனை இழுத்துக்கொண்டு ஒருவர் பதற்றத்துடன் வந்தார். நோட்டில் எழுதக் கூடாது என்பதே ரிசர்வ் வங்கியின் தூய நோட்டுக் கொள்கை. ஆயினும் இத்தகைய கிறுக்கல் உள்ள நோட்டு செல்லும், வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக் கொடுத்தோம். சிறுவனுக்குப் பழைய நாட்காட்டித் தாள்கள் நான்கையும் கொடுத்து அனுப்பினோம். ஒருபுறம் அச்சிட்ட தாளின் மறுபுறமே இவ்வேலைக்குப் போதும். வரைதாள் வாங்கச் செலவிட வேண்டியதில்லை.

ஈரத்திலிருந்து படங்களைக் காப்பது தனி வேலை. எல்லாவற்றையும் சேர்த்து வைக்க முடியாது. மாதத்துக்கு இரண்டைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். பின்புறம் தேதியும், அதைப் பற்றிக் குழந்தை சொன்னதை அதன் சொல்லிலேயே ஒரு வரியும் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்ட கோப்பில் வரிசையாக வையுங்கள். நாங்கள் அதைப் 'பாஸ்புக்' என்றே அழைக்கிறோம்.

பழுப்புக் கடலின் சிறுமிக்குத் திரும்பவும் குச்சி எடுக்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. நாங்கள் சொல்லி எடுக்கவில்லை. வரையச் சொல்லிக் கேட்பதைத் தாய் அடியோடு நிறுத்திவிட்டு, மாலையில் தாமே தரையில் உட்கார்ந்து, ஒடிந்த துண்டுகளால் பாயைத் தேய்த்தெடுத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மகள் அருகில் வந்து, தாளைப் பிடித்துக்கொண்டாளாம், நழுவாமல் இருப்பதற்காக. அதற்கடுத்த வாரம் ஒரு துண்டைக் கேட்டு வாங்கினாள். சென்ற முறை கிளைக்கு வந்தபோது தாய் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஏழு தாள்கள் இருந்தன. ஒன்றில்கூடக் கடல் இல்லை. பாதிக்கு மேல் கோழிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கால்கள். நாங்கள் எண்ணிப் பார்த்தோம்; ஒன்றும் சொல்லவில்லை.